ஒரே சாலையில் இரண்டு ஊர்வலங்கள்



குமரி மாவட்டத்தின் திருவிதாங்கூர் நினைவுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டார்கள். அது பெரிய கடல். ஒரு மணி நேரத்தில் கரையைக்கூடத் தொட முடியாது. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: சிவப்புத் துணி, அதன் நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு வலம்புரிச் சங்கு. திருவிதாங்கூர் மன்னராட்சியின் கொடி அது. 1949 ஜூலை 1-ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்ததோடு அது அரசுக் கொடி என்ற நிலையை இழந்தது. ஆனால் நம் ஊர்களில் அந்தக் கொடியைப் பற்றிய வழக்கு முடியவில்லை. அதை எங்கே வைக்கலாம், யார் வைக்கலாம், வைத்தால் என்ன பொருள் என்ற வழக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இளைஞர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்கு அன்று கொடியில் மட்டும் இருக்கவில்லை. காசில் இருந்தது. 1888-இல் திருவிதாங்கூர் வெளியிட்ட முதல் அஞ்சல் தலைகளில் மன்னரின் முகத்தைப் போடவில்லை, சங்கைத்தான் போட்டார்கள். சக்கரம் கணக்கில் விலை குறித்த அந்தச் சின்னஞ்சிறு தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், சங்கு நிமிர்ந்து நிற்பது தெரியும். திருவிதாங்கூருக்கென்று தனியாக 'அஞ்சல்' என்ற தபால்துறையே இருந்தது. 1951-இல்தான் அது இந்தியத் தபால்துறையோடு கலந்தது. 1750-இல் மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாப சுவாமிக்குத் திருப்படித் தானமாகக் கொடுத்து, தாம் பத்மநாபதாசனாக ஆண்டார். அன்று முதல் சங்கு, தெய்வத்தின் அடையாளமாகவும் ஆட்சியின் அடையாளமாகவும் ஒருசேர விளங்கியது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆட்சியின் மேல் குறை சொன்னால் சாமியைக் குறை சொன்னதாகக் கேட்கிறது. சாமியை வணங்கினால் ஆட்சிக்குத் தலைவணங்கியதாகத் தோன்றுகிறது.

களியக்காவிளையைத் தாண்டினால் அந்தச் சங்கு இன்றும் நடப்பில் உள்ள அரசு முத்திரை. இரண்டு யானைகளுக்கு நடுவே திருவிதாங்கூர்ச் சங்கு, மேலே அசோகத் தூணின் சிங்கங்கள் என்று கேரள அரசின் இலச்சினை அமைந்திருக்கிறது. இப்புறம் நமக்கோ கோபுர முத்திரை. எல்லைக்கு அப்பால் நிகழ்காலமாக இருக்கும் ஒன்று இப்பால் இறந்தகாலம். ஆனால் மக்கள் ஒரே மக்கள், உறவும் ஒரே உறவு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து ஊர் ஒன்றின் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகள் பழம்பொருள் காட்சி வைத்தார்கள். பழைய சக்கரக் காசு, முத்திரைத்தாள், ஓலை, மரக்கால் எல்லாம் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை ஆர்வத்தில் சிவப்புத் துணி வாங்கி, சங்கு வரைந்து, அதை நூலக வாசலுக்கு மேலே தோரணம்போலக் கட்டிவிட்டது. காலையில் வந்த ஒரு பெரியவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். விளவங்கோடு பக்கத்துக்காரர். "இதை அவுருங்க, பொறவு வாறேன்" என்றார். உள்ளே இருந்த இன்னொரு பெரியவர், தோவாளைப் பக்கம் நெல் விவசாயி, எழுந்து வந்தார்.

"என்ன வே அண்ணாச்சி இப்பிடிச் சொல்லுதீரு? பேச்சிப்பாறைத் தண்ணி குடிச்ச நம்ம பாட்டன்மாருக்க கொடியாக்கும் இது."

"தண்ணி உமக்கு வந்துது. எங்க பாட்டிக்க பாட்டிக்கு அதுக்க கீழ மாருக்குத் துணி இல்ல. வாசலுக்கு மேல கட்டி வச்சிருக்கு. நான் அதுக்க அடியில நடந்தா உள்ள வரணும்?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவர் சொன்னதையும் ஆவணத்தோடு உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

தோவாளைக்காரர் சொன்னது கோதையாற்றுத் திட்டத்தை. மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு வயல்களின் உயிர்நாடி. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணையருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். நாஞ்சில் நாட்டு விவசாயி, அணையின் நீரையும் கட்டியவரையும் கட்டச் சொன்ன அரசையும் நன்றியோடு நினைப்பதில் தவறே இல்லை. 1936 நவம்பர் 12-இல் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரமும் இந்தச் சங்கு முத்திரையின் கீழ்தான் வந்தது. அந்த ஆணை கோயில் கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. வைக்கத்தில் 1924-இலும் நம் சுசீந்திரத்தில் 1926-இலும், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக மக்கள் சத்தியாகிரகம் இருந்தார்கள். சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். விளம்பரத்தைக் கொண்டாடும்போது சத்தியாகிரகிகளை விட்டுவிடுவது வரலாறு ஆகாது.

விளவங்கோட்டுப் பெரியவர் சொன்னது தோள்சீலைப் போராட்டத்தை. நாடார் பெண்கள் மேற்சீலை அணிவதைத் தடுக்கும் ஆணை 1829-இல் வந்தது. கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களும் சிற்றாலயங்களும் கொளுத்தப்பட்டன. கடைசியில் 1859 ஜூலை 26-இல், மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்று அறிவித்தார்கள். உரிமை கொடுக்கும்போதுகூட ஒரு வேலியைப் போட்டுத்தான் கொடுத்தார்கள். வரியின் கதையும் உண்டு. பனையேறுபவன் தலைக்கு ஒரு வரி, அவன் ஏணிக்கு ஒரு வரி, காலில் கட்டும் தளைநாருக்கு ஒரு வரி. ஏணிக்காணம், தளைக்காணம் என்ற பெயர்கள் அரசாவணங்களிலேயே இருக்கின்றன. 1865-இல் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சில்லறை வரிகளை ஒரே வீச்சில் நீக்கினார்கள் என்றால், அதுவரை எத்தனை கைகள் ஒரு குடிசைக்குள் நீண்டன என்று எண்ணிப் பாருங்கள். ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கியதும், 1855 வரை மனிதரை அடிமையாக வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுத்ததும் இந்தக் கொடியின் நிழலில்தான்.

இத்தனையையும் நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் சாதி மோதலும் உடை மாற்றமும் என்ற பகுதியில் தோள்சீலைப் போராட்டம் இருந்தது. 2016 டிசம்பரில் அதைத் தேர்வுக்குரிய பாடத்திலிருந்து நீக்குவதாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சுற்றறிக்கை விட்டது. 2019-இல் அந்த அத்தியாயமே நூலிலிருந்து போய்விட்டது. பாடம் கண்ணுக்கு மறைந்துவிட்டது, கொடியோ கண்ணுக்கு அழகாக இருக்கிறது. இந்த நிலையில் கொடியைப் பார்க்கும் பிள்ளைக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

இனி 1947. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஜூன் 11-ஆம் நாள், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தார். அந்தச் சில வாரங்களுக்கு சங்குக் கொடி ஒரு சுதந்திர தேசத்தின் கொடியாக ஆகிவிடும் நிலை இருந்தது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் இருந்தது. மோனசைட்டில் உள்ள தோரியத்துக்காக அணு ஆற்றல் தேடும் நாடுகள் கண்வைத்திருந்த காலம் அது. தனிநாட்டை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கி நீண்டது. ஜூலை 25-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து கிளம்பிய திவான் வெட்டப்பட்டுக் காயமடைந்தார். மாதம் முடிவதற்குள் மன்னர் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். கொடி அந்த வாரங்களில் ஏந்திய பொருள் புதியது. அது கோயிலையும் குறிக்கவில்லை, குளத்தையும் குறிக்கவில்லை. இந்தியாவுக்கு வெளியே நிற்போம் என்பதைக் குறித்தது. ஒரு கொடி எந்த ஆண்டில் ஏற்றப்படுகிறதோ அந்த ஆண்டின் நோக்கத்தையும் சுமந்துகொள்ளும்.

அமெரிக்காவில் இதற்கு நேரான சான்று ஒன்று இருக்கிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் போர்க்கொடி, தென் கரோலினா சட்டமன்றக் கட்டடத்தின் மேல் பல பத்தாண்டுகள் பறந்தது. போர் முடிந்தது 1865-இல். கொடி அங்கே ஏறியது 1961-இல், நூற்றாண்டு விழா என்ற பெயரில். 1962-இல் சட்டமன்றம் அதை நிலைப்படுத்தியது. கறுப்பின மாணவர்கள் உணவுக்கூடங்களில் உட்கார்ந்து உரிமை கேட்டுச் சிறை சென்ற ஆண்டுகள் அவை. பாரம்பரியம் என்று ஏற்றியவர்கள் சொன்னார்கள். எங்களுக்குத் தரும் எச்சரிக்கை என்று கீழே நின்றவர்கள் படித்தார்கள். 2015 ஜூன் 17-இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஜூலை 10-இல் அந்த வளாகத்திலிருந்து கொடியை இறக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நிறவெறி ஆட்சியின் பழைய கொடியை வீணே காட்டுவது வெறுப்புப் பேச்சாகும் என்று 2019 ஆகஸ்டில் சமத்துவ நீதிமன்றத்தில் நீதிபதி மோஜபெலோ தீர்ப்பளித்தார். கலை, ஆய்வு, இதழியல் போன்ற பொதுநலப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு என்றும் சொன்னார்.

நம் சங்குக் கொடியை அந்த இரண்டோடும் சமமாக வைக்க நான் தயாராக இல்லை. சங்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அன்றாட வாழ்வில் கலந்திருந்தது. பிறப்பு, இறப்பு, பத்திரம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அதன் முத்திரை விழுந்தது. அடக்குவதற்கென்றே தைத்த துணி அன்று. ஆனால் அந்த இரு நாடுகளிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி உண்டு. எங்கே, எப்போது, யாருக்கு மேலே? நீதிபதியும் சரி, தென் கரோலினாக்காரர்களும் சரி, கடைசியில் கொடி நின்ற இடத்தைத்தான் மாற்றினார்கள்.

நம்மிடையே பரவலாக உள்ள ஒரு பிழையையும் திருத்த வேண்டும். 1954-இல் நம் மக்களைச் சுட்டது சங்குக் கொடிதான் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஆகஸ்ட் 11-ஆம் நாளை விடுதலை நாளாகக் கடைப்பிடிக்க திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அழைத்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமை தாங்கிய இயக்கம் அது. தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது ஆண்டது மக்கள் வாக்களித்து வந்த அரசு. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. மேலே பறந்தது மூவர்ணக் கொடி. அவருடைய சொந்தக் கட்சியான பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, சிறையிலிருந்தபடி, அந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார். ஆக, மக்களைச் சுடுவதற்கு மன்னராட்சிக் கொடிதான் வேண்டும் என்பதில்லை. நம் வலியைச் சொல்லும்போதும் கணக்கு நேராக இருக்க வேண்டும். அந்த இரத்தத்துக்குப் பின்தான் 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. இயக்கம் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த சாலைக்கு வருகிறேன்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மூன்று தெய்வங்கள் புறப்படுவதை நீங்கள் அறிவீர்கள். தேவாரக்கெட்டுச் சரஸ்வதி யானைமேல், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றித் தந்ததும் ஊர்வலம் தொடங்கும். இருமாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துவார்கள். அரண்மனை நம் மண்ணில் இருக்கிறது, பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கிப் போகும் இந்த ஊர்வலத்தைத் திருவனந்தபுரத்துக்கு ஆக்கியவர் மன்னர் சுவாதித் திருநாள் என்பது வழக்கு.

அதே சுவாதித் திருநாள் காலத்தில்தான், 1830-களின் இறுதியில், சாமித்தோப்பில் இருந்த ஐயா வைகுண்டரைப் பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். ஐயாவின் வழியினர் போற்றும் நூலான அகிலத்திரட்டு அம்மானை அந்த மன்னனை நீசன் என்றே அழைக்கிறது. ஐயா, தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாத ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அவருடைய மக்களுக்கு அன்புக்கொடி மக்கள் என்று பெயர் வந்தது. இன்றும் மாசி 20-ஆம் நாள் ஐயாவின் அவதாரத் திருநாளுக்காக, முந்தின நாளே திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஊர்வலம் காவிக் கொடிகளோடு கிளம்புகிறது. திருச்செந்தூரிலிருந்து இன்னொன்று. இரண்டும் நாகர்கோவில் நாகராஜா திடலில் சேர்ந்து, மறுநாள் சாமித்தோப்புக்கு நடக்கின்றன.

பாருங்கள். புரட்டாசியில் வாள் வடக்கே போகிறது. மாசியில் காவிக்கொடி தெற்கே வருகிறது. இரண்டும் ஒரே தலைநகரத்தைத் தொடுகின்றன. ஒன்று மன்னனின் மரியாதையோடு, மற்றொன்று மன்னன் சிறைவைத்த நினைவோடு. ஊர்வலம் போகும் வழியில் தொடுவெட்டியும் இருக்கிறது, 1954-இன் சாவுகள் விழுந்த இடம். சாலையோரம் நிற்கும் அதே குடும்பங்கள் புரட்டாசியில் நங்கைக்கு விளக்கேற்றுகின்றன, மாசியில் காவிக் கொடிக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றன. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஊர்வலம் மற்றொன்றை நிறுத்தச் சொன்னதில்லை. காரணம், இரண்டும் கடந்து போகின்றன. யார் தலைக்கு மேலும் நிலையாகத் தொங்குவதில்லை. வழியில் நிற்பவன் வணங்கலாம், வணங்காமலும் நிற்கலாம்.

இதுதான் நான் பிடிவாதமாகச் சொல்ல விரும்புவது. சங்கைக் காட்டலாம். ஆனால் எவரையும் அதன் அடியில் கடந்துபோக வைக்கக் கூடாது. பள்ளி வாசல், நூலக வாசல், அரசு அலுவலக முகப்பு, தேர்தல் மேடை இவற்றில் சங்குக் கொடிக்கு இடமில்லை. அங்கே எல்லாக் குடிமக்களும் சரிநிகராக நுழைய வேண்டும். பழைய கட்டடத்தில் செதுக்கிய சங்கைச் சுரண்டவும் வேண்டாம். அது அந்தக் காலத்தின் சாட்சி. சாட்சியை அழித்தால் வழக்குத்தான் கெடும்.

"அப்படியானால் தடைச்சட்டம் வேண்டும் என்கிறீர்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம். தன் வீட்டுச் சுவரில் பாட்டனின் நினைவாகச் சங்கை மாட்டியவர் மேல் போலீஸ் வழக்குப் போட்டால், நாளை வேறொருவரின் கொடிமேலும் வழக்கு வரும். "கேரளம் வைத்திருக்கிறதே?" என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. 2023 நவம்பரில் ஆலயப் பிரவேச விளம்பர ஆண்டுவிழாவுக்காகத் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு அச்சிட்ட அறிவிப்பில் பழைய அரச மரியாதைச் சொற்கள் இருப்பதாக எதிர்ப்பு எழுந்து, அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றார்கள். மக்களாட்சியில் பழைய மரியாதையை எந்த அளவு ஏற்பது என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நாம் நம் பக்கத்தைச் சரி செய்வோம்.

நூலகக் காட்சியில் அன்று என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டேன். ஆசிரியை ஒருவர் நாற்காலி போட்டு ஏறிக் கொடியை அவிழ்த்தார். மடித்து வைக்கவில்லை. மேசையில் சக்கரக் காசுகளுக்குப் பக்கத்தில் விரித்தார். விளவங்கோட்டுப் பெரியவர் உள்ளே வந்து, குனிந்து, கொடியை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம் தளைக்காணம் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினார். தோவாளைக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார். தமக்கு அது தெரியாது என்றார். மேசையில் இருக்கும் பொருளைச் சுற்றி நின்று பேசலாம். வாசலுக்கு மேல் இருப்பதை அண்ணாந்துதான் பார்க்க முடியும்.

ஆகவே என் கோரிக்கை இது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு நம் மாவட்டப் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தனி அறை வேண்டும் என்று தமிழ்நாடு அரசும் கேரள அரசும் சேர்ந்து முடிவெடுக்க நாம் விண்ணப்பிப்போம். அதில் சங்குக் கொடி இருக்கட்டும். பக்கத்தில் 1888-இன் அஞ்சல் தலை, 1865-இல் நீக்கிய வரிகளின் பட்டியல், 1829, 1859 ஆணைகளின் படி, சிங்காரத்தோப்புச் சிறையைப் பற்றிய குறிப்பு, சுசீந்திரம் சத்தியாகிரகிகளின் பெயர்கள், 1936 விளம்பரம், பேச்சிப்பாறை அணையின் வரைபடம், புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் மாண்டவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கட்டும். விண்ணப்பத்தின் வரைவை இந்தக் கூட்ட முடிவில் அவைத்தலைவரிடம் தருகிறேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் இருந்து கையெழுத்திட்டுவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.